சொன்னால் கேட்க ஆள் உண்டு

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சின்னக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பைக் கற்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று தெரிந்தவர்களிடம் சொன்னபோது பலரும் கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லி ஏன் பயமுறுத்தணும்?" பிள்ளைமீது இருக்கிற பரிவில் எழும் கேள்வி அது. ஒதுக்கிவிட முடியாது. இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

பதிலை லண்டனிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர் மூளப் போகிறது என்பது உறுதியானதும், 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, பிரிட்டிஷ் அரசு நகரத்துப் பிள்ளைகளை லட்சக்கணக்கில் ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. உடையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி, கூட வர அம்மா இல்லை. மறு ஆண்டு லண்டன்மீது இரவு இரவாகக் குண்டு விழுந்தது. அந்தக் காலத்தில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தை இல்லங்களை நடத்தினார்கள். வீடிழந்த, தாயைப் பிரிந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்கள் எப்படித் தூங்கினார்கள், எதற்கு அழுதார்கள், என்ன விளையாடினார்கள் என்று நாள்தோறும் குறித்து வைத்தார்கள் அந்த இருவரும்.

அவர்கள் கண்டது அன்று பலரையும் திகைக்க வைத்தது. குண்டு விழும்போது தாயின் அருகில் இருந்த சின்னப் பிள்ளை, தாய் நிதானமாக இருந்தால், பெரிதாகக் கலங்கவில்லை. தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. குண்டே விழாத கிராமத்தில், நல்ல சாப்பாடும் தனிப் படுக்கையும் கிடைத்தும், தாயைப் பிரிந்த பிள்ளைகள் படுக்கையை நனைத்தார்கள், பேச்சைக் குறைத்தார்கள், சாப்பிட மறுத்தார்கள். பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குண்டு உயிரை வாங்கும், அதிலிருந்து விலக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் உடம்பைக் காப்பாற்றிவிட்டோம் என்பதாலேயே அந்தப் பிள்ளை தான் பத்திரமாக இருப்பதாக உணர்ந்துவிடாது. இரண்டும் வேறு வேறு வேலைகள். பள்ளியிலும் மையத்திலும் இரண்டாவதை நாம் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாயின் முகம் பிள்ளைக்கு எவ்வளவு சொல்கிறது என்று காட்டும் ஒரு சோதனையை 1985இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் வெளியிட்டார்கள். கண்ணாடி பதித்த ஒரு மேசை. பாதி தூரம் வரை கண்ணாடிக்கு அடியிலேயே தரை தெரியும், பிறகு தரை சற்றுக் கீழே இறங்கிவிடும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அது ஒரு சின்னப் பள்ளம் மாதிரித் தோன்றும். மறுமுனையில் அம்மா. வாய் திறந்து ஒன்றும் பேசக் கூடாது, முகத்தால் மட்டும் பேச வேண்டும். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் அந்தப் 'பள்ளத்தை'க் கடந்து போனார்கள். அம்மா முகத்தில் பயத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு வயதுதான். பேச்சு வருவதற்கு முன்பே, இது ஆபத்தா இல்லையா என்பதைக் குழந்தை நம் முகத்தில் படித்துவிடுகிறது.

அப்படியானால் நம் வீடுகளில் குழந்தை எதைப் படிக்கிறது?

"சாப்பிடலேன்னா பூச்சாண்டி வந்துடுவான்." "அழுதா போலீஸ்காரர்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்." "ஆட்டம் காட்டினே, டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்." "தெருவுக்குப் போனா சாக்குப் பைக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்." இவை நம் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற வாக்கியங்கள். இப்படி மிரட்டுகிற அம்மாவையோ ஆயாவையோ நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்பில் உலை, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று என்றிருக்கிறவளுக்கு அந்த நொடியில் கைக்கு வருவது பயம்தான். ஆனாலும் அந்த மிரட்டல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நாம் உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில், அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் பாருங்கள். போலீஸ்காரர், மருத்துவர், தெருவில் பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கிற மனிதர். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை யாரிடம் போக வேண்டும்? திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்கு வருகிற குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் காவல் துறையினரே கட்டிவிடுகிறார்கள். கையில் பட்டை கட்டிய அதே காக்கிச் சட்டையைக் கண்டதும் ஓடி ஒளியும்படி நாம் பழக்கியிருக்கிறோம். ஊசியைக் காட்டி மிரட்டப்பட்ட பிள்ளை, எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுமா?

அடுத்தது, இந்தப் பயம் பிள்ளைகளோடு நிற்பதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நாட்கள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. காரிலிருந்த மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றது. குழந்தைகள்மீது அன்பு காட்டிய ஒரு பாட்டியை, குழந்தைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொன்றார்கள். பூச்சாண்டிக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி, கையில் கைபேசியோடு நின்ற நாள் அது. அந்தச் செய்தியை என்னால் இன்றும் கடந்து போக முடியவில்லை.

மூன்றாவதுதான் ஆசிரியர்களாகிய நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பயம் தவறான திசையைக் காட்டுகிறது. 2007இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அவர்களில் பாதிக்கு மேல், 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகையான பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், சொல்லிக் கொடுக்கிறவர், வண்டியில் கூட்டிப்போகிறவர் என்று யாராகவும் இருக்கலாம். சாக்குப் பைக்காரனைப் பார்த்து நடுங்கப் பழகிய குழந்தைக்கு மாமாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் 52.94 சதவீதம் ஆண் குழந்தைகள். பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக ஓர் அறைக்கு அழைத்துப்போய்ப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற பள்ளிகளில், வெளியே மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அமெரிக்காவும் இதே திசையில் ஒருமுறை போய்ப் பார்த்தது. 1984இல் அயோவா மாநிலத்தில், செய்தித்தாள் போடப் போன சிறுவர்கள் காணாமல் போனதையடுத்து, ஒரு பால் நிறுவனம் அவர்களுடைய படத்தைப் பால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டது. அடுத்த ஆண்டு அது நாடெங்கும் பரவியது. காலையில் பால் குடிக்க உட்காருகிற ஒவ்வொரு குழந்தையும் காணாமல் போன இன்னொரு குழந்தையின் முகத்தைப் பார்த்தது. குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் போன்றவர்கள், இது பிள்ளைகளைத் தேவையில்லாமல் கலவரப்படுத்துகிறது என்று கவலை தெரிவித்தார்கள். நாளடைவில் பெட்டியிலிருந்து படங்கள் மறைந்தன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இன்னொரு நாட்டிலும் பால் பெட்டியில் ஒரு செய்தி வந்தது. 1979இல் ஸ்வீடன், பெற்றோர் உட்பட யாரும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த நாடு அதுதான். அந்தச் சட்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கப் பால் பெட்டியில் அச்சிட்டார்கள். அதுவும் காலைச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்தது. ஆனால் அது பேசியது பெரியவர்களிடம். என்னை அடிக்கக் கூடாது என்று நாடே சொல்லியிருக்கிறது என்பதைப் பால் குடிக்கிற பிள்ளையும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கும். பாதுகாப்புக் கல்வி என்று நான் நினைப்பது அந்த இரண்டாவது பெட்டியைத்தான்.

அடியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விடுகிற பெற்றோரை நம்மில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அதில் ஆசிரியர்மீது வைத்த நம்பிக்கை இருக்கிறது, தெரியும். ஆனால் பக்கத்தில் கைப்பிடித்து நிற்கிற பிள்ளை என்ன கேட்டுக்கொள்கிறது? என் உடம்பு என்னுடையது இல்லை, பெரியவர்கள் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு அப்பாவே சம்மதம் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டு வளர்கிற பிள்ளையிடம், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வகுப்பு நடத்தி, "யாராவது தொட்டால் வேண்டாம் என்று சொல்" என்றால் அது எப்படிச் சொல்லும்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தப் பிரிவை ஒழுங்கு நடவடிக்கை பற்றிய விதியாக மட்டும் படிக்கிறோம். குழந்தைப் பாதுகாப்பின் அடிப்படை விதியாகவே அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடி மட்டுமில்லை. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு. அட, குடுடா. என்ன வெக்கம்?" குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறது. நாம் இழுத்து முன்னால் நிறுத்துகிறோம். வந்தவர் கன்னத்தைக் கிள்ளுகிறார், எல்லாரும் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை தன்னால் முடிந்த அளவு தெளிவாக வேண்டாம் என்று சொன்னது. சபையில் யாரும் கேட்கவில்லை. "வணக்கம் சொல்லு கண்ணு, போதும்" என்று ஒரு தாய் சொன்னால் விருந்தாளியின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைக்கோ, தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பது அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தப் பாட நூலாலும் கொடுக்க முடியாத பாடம் இது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் எதைச் சொல்லித் தரலாம்? உடம்பின் எல்லாப் பகுதிகளுக்கும் பெயர் உண்டு, அவற்றில் எதுவும் அசிங்கமில்லை என்பதைச் சொல்லலாம். உள்ளாடை மறைக்கிற இடத்தை மற்றவர்கள் தொடவோ பார்க்கவோ கூடாது, மற்றவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, குளிப்பாட்டும்போது அம்மாவும் பக்கத்தில் பெற்றோரை வைத்துக்கொண்டு மருத்துவரும் விதிவிலக்கு என்று சொல்லலாம். ரகசியத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாத்தாவின் பிறந்த நாளுக்கு வாங்கி ஒளித்து வைத்த சட்டை இன்னும் இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "யார்கிட்டயும் எப்பவும் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இந்த வேறுபாடு நான்கு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரிகிறது.

நான் விரும்பிச் செய்து பார்த்த பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையின் கையைத் தாளில் வைத்து ஐந்து விரலையும் வரைய வேண்டும். மனசுக்குச் சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டு, விரலுக்கு ஒருவராக எழுத வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை படம் போடட்டும். வீட்டுக்கு வெளியே ஒருவராவது அதில் இருக்க வேண்டும். சில பிள்ளைகள் இரண்டு விரலோடு நின்றுவிடுவார்கள். ஒரு பிள்ளை நாய்க்குட்டியைப் போடும். சிரித்துவிட்டுப் போகக் கூடாது. எந்தப் பிள்ளையின் கையில் விரல்கள் காலியாக இருக்கின்றனவோ, அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதும் நம் நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று அந்தத் தாள் நமக்குச் சொல்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பயந்துபோவார்களா? 2015இல், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. பள்ளிகளில் நடத்தப்பட்ட இத்தகைய பாதுகாப்பு வகுப்புகள் பற்றிய 24 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளை, அதில் சேர்த்துப் பார்த்தார்கள். வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளின் அறிவு கூடியிருந்தது. தங்களைக் காத்துக்கொள்ளும் விதத்தில் நடந்துகொள்வதும் கூடியிருந்தது. நடந்ததை வெளியே சொல்வதும் கூடியதற்கு அடையாளங்கள் இருந்தன. பயமோ பதற்றமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. என் அனுபவமும் அதுவே. நிதானமான குரலில், சாலை விதி சொல்வதுபோலச் சொன்னால், பிள்ளை அதைச் சாலை விதிபோலவே எடுத்துக்கொள்கிறது. குரல் தாழ்த்தி, கண்ணை உருட்டி, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால்தான் பயப்படுகிறது. சொல்கிறவரின் முகத்தை அது படிக்கிறது என்று முன்பே பார்த்தோம்.

சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. பிள்ளை நம்மிடம் வந்து சொல்கிற நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பது மீதி. அந்த மீதிதான் கடினம்.

சின்னப் பிள்ளை நேராக வந்து சொல்லாது. "எனக்கு வேன் அண்ணாவைப் பிடிக்கல." "டியூஷன் வேண்டாம்மா." "வயிறு வலிக்குது." நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். விளையாட்டில் பொம்மையை ஒரு மாதிரிப் படுக்க வைக்கும். துணி மடிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, நம் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தும். நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம் வரும். அந்த இடத்தில், "நீ ஏன் அங்க போனே?" என்றோ, "அவர் அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு" என்றோ, "அப்பாகிட்ட சொல்லிடாதே, கொன்னுடுவாரு" என்றோ ஒரு வார்த்தை விழுந்தால் கதவு மூடிவிடும். பல வருஷங்களுக்கு மூடியே கிடக்கும்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன்மேல தப்பு இல்லை. இதை நிறுத்த நான் உதவி பண்றேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டு விசாரிக்காதீர்கள். வயிற்றைப் பிசைந்தாலும் முகத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். அழ வேண்டுமென்றால் பிறகு, தனியாக, நம்பகமான சக ஆசிரியையின் தோளில் அழுங்கள். அது பலவீனமில்லை.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருக்கிறது என்று தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கும் நிர்வாகத்துக்கும் உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாங்க வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரில் குழந்தையை நிறுத்தக் கூடாது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. குழந்தை தான் பத்திரமாக இருப்பதாக உணர வேண்டும் என்ற அக்கறை அந்தச் சட்டத்தின் வாசகங்களிலேயே இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். "போலீஸ் ஸ்டேஷன் படியேறணுமே" என்ற அச்சத்தில்தான் பல குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆக்குங்கள்.

நம் மாநிலத்துப் பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட, 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கடிதம் எழுதிப் பெட்டியில் போடாது. அங்கன்வாடிப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. அந்த வயதுக்குப் பெட்டி நாம்தான்.

குழந்தைக்குக் கற்பிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கற்பிக்க முடியாதவற்றையும், அந்தச் சுமையைக் குழந்தைமீது வைக்கக் கூடாதவற்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு அநியாயமாகிவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்தது. 94 குழந்தைகள் போனார்கள். எந்தப் பாதுகாப்புப் பாடமும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஒரே கட்டடத்தில் அத்தனை பிள்ளைகளை அடைத்ததும், கீற்றைப் போட்டதும், அதற்கு அனுமதி கொடுத்ததும் பெரியவர்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி பெறும் உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். 2019இல் மணப்பாறை அருகே மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. கைவிட்ட கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டியிருந்தது. சாலையைக் கடப்பதிலும் அப்படித்தான். ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1960களிலேயே, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சி நிலை நவீனப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இல்லை, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அவர்களை அதற்கு முழுமையாகத் தயார்ப்படுத்த முடியாது என்று காட்டினார். வண்டியின் வேகத்தைக் கணக்கிடுவது ஆறு வயதுக் கண்ணின் வேலையில்லை. வண்டிதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இருந்தாலும், குழந்தைகளால் எவ்வளவு முடியும் என்பதையும் பார்த்தாக வேண்டும். 2011 மார்ச் 11, ஜப்பானின் கமாய்ஷி நகரம். நிலம் குலுங்கி நின்றதும், உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். அருகில் இருந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன்களும் அக்காக்களும் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கி ஓடினார்கள். குறித்து வைத்திருந்த இடத்தைச் சேர்ந்தபோது அங்கே மண்சரிவு தெரிந்தது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள், அங்கிருந்தும் இன்னும் மேலே. பின்னால் அவர்களுடைய பள்ளிகளைக் கடல் விழுங்கியது. அந்த நகரத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 3,000 பேரில் மிகச் சிலரைத் தவிர எல்லாரும் பிழைத்தார்கள்.

அங்கே சில ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வந்தவர் தொஷிதாகா கதாதா என்ற பேராசிரியர். சுனாமி வந்தால் யாருக்காகவும் காத்திராமல் அவரவர் ஓட வேண்டும் என்பது அந்தக் கரையோர மக்களின் பழைய வழக்கு. கேட்கக் கொடூரமாக இருக்கும். அம்மா வீட்டில் இருக்கும்போது பிள்ளை எப்படித் தனியாக ஓடும்? கதாதா பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போய்ப் பேசச் சொன்னார். நான் கட்டாயம் ஓடிவிடுவேன், என்னைத் தேடி வராமல் நீங்களும் ஓடிவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி, அவர்களை நம்ப வைக்கச் சொன்னார். அம்மா ஓடியிருப்பாள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், பிள்ளை ஓடியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கால்களுக்கு வேகம் கொடுத்தது பயிற்சி மட்டும் இல்லை. வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பியதும்தான். நாகப்பட்டினத்துக் கடற்கரையை நினைத்துக்கொண்டுதான் நான் கமாய்ஷியைப் பற்றிப் படித்தேன். 2004 டிசம்பர் சுனாமியின்போது நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பயிற்சியும் இருக்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள், யாரிடம் என்று பெயர் சொல்லியே வைக்கிறேன். தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்பே குழந்தையின் முகத்தை நாள்தோறும் பார்க்கிற அரசுப் பணியாளர்கள், அங்கன்வாடி அம்மாக்களே, நீங்கள்தான். பதிவேடு, எடை, சத்துமாவு, கைபேசிச் செயலியில் பதிவு என்று உங்கள் நேரமெல்லாம் போய்விடுகிறது. ஒரு பிள்ளை உங்கள் மடியில் வந்து உட்கார்ந்து ஒன்றைச் சொல்ல நினைக்கும்போது, நீங்கள் குனிந்து செயலியில் எண் தட்டிக்கொண்டிருக்கும்படி யாரும் உங்களை வைக்கக் கூடாது. பதிவு வேலையைக் குறையுங்கள், காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்று துறையிடம் கேட்கும்போது, அதைக் குழந்தைப் பாதுகாப்புக் கோரிக்கை என்றே எழுதிக் கேளுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வேன் ஓட்டுநர்களையும், ஊரில் டியூஷன் எடுப்பவர்களையும், சத்துணவு ஊழியர்களையும் அழையுங்கள். சந்தேகப்படுவதற்காக அழைக்க வேண்டாம். பிள்ளை சொன்னால் எப்படிக் கேட்பது என்பதை அவர்களும் கற்றுக்கொள்ளட்டும், ஏனென்றால் சில பிள்ளைகளின் ஐந்து விரலில் ஒரு விரல் அவர்களாகத்தான் இருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே விரல் வரையும் பயிற்சியைச் செய்துவிடுங்கள். விரல் வரைந்த தாள்களை ஆண்டு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள், அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒருமுறை மறுபடியும் வரையச் சொல்லிப் பாருங்கள்.